குறிஞ்சி பாலையாகாதிருக்க

நுழையும்முன்

மலை, அங்கு வாழ்வோர்க்கு வாழிடம், ஆறுகளுக்குப் பிறப்பிடம், பயணிகளுக்கு ஓய்விடம். இம்மூன்று தேவைகளும் ஒரே நிலத்தில் ஒன்றையொன்று நெருக்கும்போது எதற்கு முதலிடம் தருவது? சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையின் சிற்றூர்களையும் லடாக்கின் பாலைமலைச் சிற்றூர்களையும் அருகருகே வைத்து, சுற்றுலா அவற்றுக்குத் தருவதையும் அவற்றிடமிருந்து பெறுவதையும் இப்பாடம் ஆராய்கிறது.

திணையும் நீரும்

பழந்தமிழர் நிலத்தை அதன் தோற்றத்தை மட்டும் கொண்டு வகுக்கவில்லை. அங்கு விளையும் பயிர், வாழும் உயிர், மக்கள் செய்யும் தொழில், வணங்கும் தெய்வம் ஆகிய அனைத்தையும் சேர்த்தே திணை என வழங்கினர். தொல்காப்பியம் நால்வகை நிலங்களைக் கூறுமிடத்துப் பாலைக்கெனத் தனிநிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தத்தம் இயல்பு திரிந்து வளம் குன்றும்போது கொள்ளும் வடிவமே பாலை என்னும் கருத்தைச் சிலப்பதிகாரம் எடுத்துரைக்கிறது.

புவியியலார் மழையளவைக் கொண்டு பாலைநிலத்தை வரையறுப்பர். தமிழ் மரபோ, வளமான நிலமும் தன் இயல்பை இழந்தால் பாலையாகும் என்கிறது. இப்பார்வை இன்றைய மலைச் சிற்றூர்களைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவுகிறது. ஆண்டு முழுவதும் பசுமையாகத் தோன்றும் மலையிலும் கோடையில் ஊற்று வற்றிக் குடிநீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்குமாயின், அம்மலை சில திங்களேனும் பாலையின் தன்மையை அடைகிறது. மழை குறைவதால் மட்டும் இந்நிலை நேர்வதில்லை. பெய்த மழையைத் தாங்கி வைக்கும் ஆற்றலை மலை இழப்பதாலும், இருக்கும் நீரை அளவின்றி எடுப்பதாலும் நேர்கிறது.

சேர்வராயன் மலையும் மக்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சேர்வராயன் மலை, சேலம் நகரின் வடக்கே எழுந்து நிற்கிறது. ஏற்காடு இதன் முதன்மையான ஊர். ஏரியும் காடும் சூழ்ந்த இடமாதலின் இப்பெயர் பெற்றது என்பர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. மலையின் உச்சி 1600 மீட்டருக்கும் மேலானது. அவ்வுச்சியிலுள்ள குகைக்கோயிலில் சேர்வராயனும் காவேரி அம்மனும் வழிபடப்படுகின்றனர். மே மாதத்தில் நடைபெறும் திருவிழாவிற்கு மலையின் பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரள்கின்றனர்.

மலையுச்சியில் காவிரியின் பெயரால் ஒரு தெய்வம் வழிபடப்படுவது பொருத்தமானதே. சேலம் நகரைக் கடந்து காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாறும், ஓமலூர், எடப்பாடிப் பகுதிகளின் வழியே சென்று காவிரியை அடையும் சரபங்கா ஆறும் இம்மலைத்தொடரில் தோன்றுவன. மறுபுறம் தருமபுரி மாவட்டத்திற்குள் இறங்கும் வாணியாறு, தென்பெண்ணையின் துணையாறாகும். எனவே, இம்மலையில் பெய்யும் மழை மலைவாழ் மக்களுக்கு மட்டும் உரியதன்று. சமவெளியின் வயல்களும் கிணறுகளும் அதனை நம்பியுள்ளன.

இம்மலையின் தொல்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் கேரள மக்களைக் குறிப்பதன்று. மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்குவது. தமிழே இவர்தம் தாய்மொழி. காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் புறப்பட்டுச் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் குடியேறினர் என்னும் வாய்மொழி மரபு இவர்களிடையே உண்டு. தமிழ்நாட்டுப் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் பெரிய குடியினர் இவர்களே. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டுள்ளது.

ஏற்காட்டை அறிந்த அளவிற்கு அதனைச் சூழ்ந்த ஊர்களைப் பிறர் அறிவதில்லை. மாரமங்கலம், மஞ்சக்குட்டை, நாகலூர், செம்மநத்தம், வேலூர், வெள்ளக்கடை முதலிய ஊராட்சிகளில் பரவிக் கிடக்கும் சிற்றூர்களே மலையின் பெரும்பகுதி. சாமை, கேழ்வரகு, தினை ஆகிய புன்செய்ப் பயிர்கள் இங்கு நெடுங்காலம் விளைந்தன. பின்னர்க் காப்பி, மிளகு, பலா, ஆரஞ்சு, வாழை ஆகியவை வேளாண்மையில் இடம்பெற்றன. ஏற்காட்டுச் சுற்றுலாவின் பயனும் பாதிப்பும் எவ்வளவு தூரம் சென்று சேர்கின்றன என்பதை அறிய விரும்புவோர், ஏரிக்கரையில் நின்று பார்த்தால் போதாது. மாரமங்கலம் போன்ற ஊர்களின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடியான இராபர்ட் புரூஸ் பூட், 1863இல் சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டறிந்தவர். சேர்வராயன் மலையிலிருந்து புதிய கற்காலக் கருவிகளையும் அவர் திரட்டினார். இம்மலையில் மனித வாழ்வு மிகத் தொன்மையானது என்பதற்கு அக்கருவிகள் சான்றாகும்.

தோட்டம், பாதை, விடுதி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார். அதனைத் தொடர்ந்து ஐரோப்பியர் பலர் தோட்டங்களை அமைத்தனர். காப்பி நிழலில் வளரும் பயிராதலால் காட்டு மரங்கள் சில நிழலுக்காக விட்டுவைக்கப்பட்டன. பின்னர் அவற்றின் இடத்தில், ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சில்வர் ஓக் மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. அவை விரைந்து வளர்வன. மிளகுக்கொடி படர ஏற்றவை. வெட்டி விற்கவும் பயன்படுவன. மலையின் பசுமை குறையவில்லை. ஆனால் பசுமையின் இயல்பு மாறியது.

தோட்டங்களுடன் தேவாலயங்களும் உறைவிடப் பள்ளிகளும் வந்தன. சமவெளியின் வெயிலுக்கு அஞ்சிய ஆங்கில அலுவலர்க்குக் கோடை வாழிடமாகத் தொடங்கிய ஏற்காடு, விடுதலைக்குப் பின் அனைவருக்குமான சுற்றுலாத்தலமாயிற்று. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறும் பாதை, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் ஏற்காட்டைக் கொண்டு சேர்க்கிறது. குப்பனூர் வழியாக மற்றொரு பாதையும் உண்டு. ஏரியில் படகுப் பயணம், அண்ணா பூங்கா, கிளியூர் அருவி, பள்ளத்தாக்கை நோக்கிய காட்சிமுனைகள், இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தோட்டத்திலுள்ள ஆர்க்கிடு மலர்த் தொகுப்பு ஆகியவை பயணிகளை ஈர்க்கின்றன. ஆண்டுதோறும் மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடத்தப்படுகின்றன.

வரவும் இழப்பும்

சுற்றுலா மலைக்கு நன்மை தரவில்லை எனக் கூறுவது நேர்மையாகாது. பயணிகள் வருவதால் சாலைகள் மேம்படுகின்றன, பேருந்துகள் ஓடுகின்றன, காப்பித்தூள், மிளகு, தேன், பழம் ஆகியவற்றை விளைவித்தோரே நேரடியாக விற்கும் வாய்ப்புப் பிறக்கிறது. விடுதிகளிலும் உணவகங்களிலும் இளைஞர்க்கு வேலை கிடைக்கிறது. காப்பிப்பழம் பறிக்கும் பருவம் முடிந்தபின் வேலையின்றி ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டிய குடும்பத்திற்கு, உள்ளூரிலேயே கிடைக்கும் கூலி பெரிய ஆறுதலாகும்.

எனினும், வருவாய் அனைவருக்கும் ஒரே அளவில் பகிரப்படுவதில்லை. விடுதியை நடத்தும் முதலீடு பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது. அதன் ஆதாயமும் வெளியே செல்வது. மலையில் தங்குவது துப்புரவு, சமையல், காவல் போன்ற பணிகளுக்கான ஊதியம் மட்டுமே. காட்சி நன்றாக அமைந்த நிலத்திற்கு விலை உயர்கிறது. சாமை விளைந்த நிலத்தை விற்பவர் ஒருமுறை பணம் பெறுகிறார். அவர் பிள்ளைகளோ அதே நிலத்தில் எழும் கட்டடத்திற்குக் கூலிகளாகச் செல்கின்றனர். உணவு தந்த நிலம் காட்சி தரும் மனையாக மாறும்போது, ஊரின் தற்சார்பு குறைகிறது.

இவற்றினும் ஆழமான சிக்கல் நீரைப் பற்றியது. சேர்வராயன் மலை சார்னோகைட் என்னும் கடினப்பாறையால் ஆனது. இப்பாறைக்குள் நீர் எளிதில் புகாது. பாறையின் மேலுள்ள சிதைந்த மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்குகிறது. காட்டின் இலைச்சருகும் வேர்களும் மழைநீரைத் தடுத்து மண்ணுக்குள் அனுப்ப, அது மெல்லக் கசிந்து ஊற்றாக வெளிப்படுகிறது. மலைச் சிற்றூர்கள் இத்தகைய ஊற்றுகளையும் ஓடைகளையும் ஒட்டியே அமைந்தன. மரங்களை அகற்றிச் சரிவைச் சமன்செய்து தளம் போட்டால், மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிடுகிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டினால், ஒரே வெடிப்பின் வழியாகச் சற்றுக் கீழே ஊற்றுக்குச் செல்ல வேண்டிய நீர் மேலேயே இறைக்கப்படலாம். ஒருவர் நிலத்தில் தோண்டும் கிணறு மற்றோர் ஊரின் ஊற்றைப் பாதிப்பது இவ்வாறே.

பயணிகள் வரும் காலமும் இச்சிக்கலைப் பெரிதாக்குகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஊற்றுகள் படிப்படியாக இளைக்கின்றன. மார்ச்சு முதல் மே வரை, தென்மேற்குப் பருவமழை வருமுன், அவற்றில் நீர் மிகக் குறைவு. பயணிகள் மிகுதியாக வருவதும் அதே காலத்தில்தான். மலையின் நீர் மிகக் குறைந்திருக்கும் நேரத்தில் மலையின் தேவை மிக உயர்கிறது. வசதியுள்ள விடுதி ஊர்தியில் நீரை விலைக்கு வாங்கலாம்; ஊற்றை மட்டும் நம்பிய சிற்றூரில், பெண்கள் தொலைவு நடந்து சென்று குடம் சுமக்க நேரும்.

கழிவும் கவலைக்குரியது. சமவெளியில் குப்பை ஓரிடத்தில் கிடக்கும்; மலையிலோ அது சரிவின் வழியே ஓடைக்குள் இறங்கும். முறையாகக் கையாளப்படாத கழிவுநீர் கீழேயுள்ள ஊற்றைக் கெடுக்கும். பாதையோரத்தில் பயணிகள் இடும் தின்பண்டங்களுக்குப் பழகிய குரங்குகள் காட்டுணவைத் தேடாமல் ஊருக்குள்ளும் தோட்டத்திற்குள்ளும் நுழைகின்றன. சரிவை வெட்டி அமைக்கும் கட்டடங்களும் பாதைகளும் மண்ணின் பிடிமானத்தைத் தளர்த்துகின்றன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலையொட்டிப் பெய்த பெருமழையின்போது ஏற்காட்டு மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்துத் தடைபட்டது. பாதை மூடப்பட்டால் பயணி தன் பயணத்தைத் தள்ளிவைக்கலாம். மலையில் வாழ்பவர் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் செல்வதைத் தள்ளிவைக்க இயலாது.

பனிப்பாலையின் பாடம்

இச்சிக்கல் சேர்வராயன் மலைக்கு மட்டும் உரியதன்று. மழையே அரிதான மலைகளில் இது மேலும் கூர்மையாக வெளிப்படுகிறது. இந்தியாவின் வடகோடியிலுள்ள லடாக், இமயமலையின் மழைமறைவுப் பகுதி. அதன் முதன்மை நகரான லே ஏறத்தாழ 3500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காட்டில் ஆண்டுக்கு 1500 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்ய, லேயில் மழையும் பனியும் சேர்ந்து 100 மில்லிமீட்டர் அளவே பெறப்படுகிறது. எனவே அது குளிர்ப்பாலை எனப்படுகிறது.

இத்தகைய நிலத்திலும் மக்கள் நெடுங்காலமாக வாற்கோதுமை பயிரிட்டு வாழ்ந்துள்ளனர். பனியாறு உருகிவரும் நீரைச் சிறு கால்வாய்களில் கொணர்ந்து வயலுக்குப் பாய்ச்சினர். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு நீர் என்பதை முறைப்படுத்த, ஊரார் ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர். சுர்போன் எனப்படும் அவருடைய முடிவுக்கு அனைவரும் கட்டுப்பட்டனர். வீட்டுக் கழிப்பறைகள் நீர் தேவைப்படாத உலர் கழிப்பறைகளாக இருந்தன. அவற்றில் மண்ணும் சாம்பலும் சேர்ந்து மக்கிய எரு வயலுக்குச் சென்றது. நீர் வீணாகவுமில்லை, மாசடையவுமில்லை.

1974இல் லடாக் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் மூன்று இலட்சத்திற்கும் குறைவு. ஆனால் 2022ஆம் ஆண்டில் வந்த பயணிகள் ஐந்து இலட்சத்தைக் கடந்தனர். நீர் ஊற்றும் கழிப்பறைகளும் பொழிகுழாய்க் குளியலறைகளும் கொண்ட விடுதிகள் பெருகின. ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. கழிவுநீர் நிலத்தடியில் இறங்கிக் குடிநீரைக் கெடுக்கும் அச்சம் எழுந்தது. பல நூற்றாண்டுகளாகப் பாலையில் பாலைக்கேற்ப வாழ்ந்த ஊர்கள், சில பத்தாண்டுகளில் நீர்வளமுள்ள நாட்டின் பழக்கங்களை ஏற்க நேர்ந்தது.

ஆயினும் அங்கு எழுந்த மாற்று முயற்சிகளும் குறிப்பிடத்தக்கன. சேவாங் நோர்பெல் என்னும் பொறியாளர், குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரை நிழல்படும் சரிவுகளுக்குத் திருப்பி, கல்வரப்புகளால் தேக்கி உறையச் செய்தார். ஊருக்கு அருகிலேயே உருவான அச்செயற்கைப் பனியாறுகள், விதைப்புக் காலத்தில் உருகி வயலுக்கு நீர் தந்தன. 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மற்றொரு முயற்சி, ஹெமிஸ் தேசியப் பூங்காப் பகுதியிலுள்ள ரும்பக் போன்ற சிற்றூர்களில் தொடங்கிய இல்லத்தங்கல் திட்டமாகும். அங்குப் பயணிகள் பெருவிடுதிகளில் தங்காமல் ஊர்மக்களின் வீடுகளிலேயே தங்குகின்றனர். வீடுகள் முறைவைத்து விருந்தினரை ஏற்கின்றன. பெண்களே பெரும்பாலும் பொறுப்பேற்கின்றனர். வருவாயில் ஒரு பங்கு ஊர்ப்பொதுநிதியில் சேர்கிறது. முன்னர்த் தம் ஆடுகளைக் கொன்ற பனிச்சிறுத்தையைப் பகையாகக் கருதியவர்கள், அதனைக் காணவே பயணிகள் வருவதறிந்து அதன் காவலராயினர்.

எல்லை வகுத்தல்

ஒரு பாத்திரம் கொள்ளும் நீருக்கு அளவுண்டு. அதுபோல ஒரு மலை தாங்கும் மக்கள், ஊர்தி, கட்டடம் ஆகியவற்றுக்கும் அளவுண்டு. இதனைத் தாங்குதிறன் என்பர். தமிழ்நாட்டில் இக்கருத்து இன்று நடைமுறைக்கு வந்துள்ளது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் ஊர்திகளுக்கு மின்னணு அனுமதிச்சீட்டுக் கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் கோடைக்காலத்தில் நீலகிரிக்கு வார நாள்களில் 6000, வார இறுதி நாள்களில் 8000 எனவும், கொடைக்கானலுக்கு முறையே 4000, 6000 எனவும் சுற்றுலா ஊர்திகளுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. உள்ளூர் மக்களின் ஊர்திகளுக்கு இவ்வரம்பு பொருந்தாது. வாழ்வோரின் தேவை முதலாவது, வருவோரின் விருப்பம் அடுத்தது என்னும் முறைமையை இவ்விதிவிலக்கு உணர்த்துகிறது.

மலைப்பகுதிக் கட்டடங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு 1990இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. 2019 சனவரி 1 முதல், ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்கு மாநிலம் முழுவதும் தடை நடைமுறையிலுள்ளது. சட்டங்கள் இருப்பது முதற்படி. அவற்றைக் காக்கும் மனநிலை வருவோரிடமும், அவற்றைக் கேட்டுப்பெறும் உரிமையுணர்வு வாழ்வோரிடமும் வளர்வது அடுத்தபடி.

ஊரே காவல்

ஒரு மலைக்கு எத்தனை பேர் வந்தனர் என்னும் எண்ணிக்கையே சுற்றுலாவின் வெற்றிக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. அவ்வளவுகோல் போதாது. வந்தவர் செலவிட்ட பணத்தில் எவ்வளவு ஊரில் தங்கியது, அவர் சென்றபின் ஊற்றில் எவ்வளவு நீர் எஞ்சியது என்னும் இரு வினாக்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். முதல் வினா ஊரின் வாழ்வைப் பற்றியது. இரண்டாவது ஊரின் நிலைபேற்றைப் பற்றியது.

மாரமங்கலம் முதலிய ஊராட்சிகளில் கிராமசபை கூடும்போது, புதிய விடுதியின் நீர்த்தேவையும் கழிவகற்றும் முறையும் ஊரார் முன்னிலையில் பேசப்பட வேண்டும். ஊற்றுகளும் அவற்றுக்கு நீர்தரும் மேற்சரிவுகளும் கணக்கெடுக்கப்பட்டுக் கட்டடமின்றிக் காக்கப்பட வேண்டும். சில்வர் ஓக் மரங்களுக்கிடையே இம்மண்ணுக்குரிய மரங்களும் மீண்டும் வளர வேண்டும். சாமையும் கேழ்வரகும் பயணியின் இலையில் இடம்பெறுமாயின் அவற்றை விளைவிக்கும் நிலமும் எஞ்சும். மலைப்பாதைகளையும் மூலிகைகளையும் அறிந்த இளைஞர் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றால், அவர்தம் அறிவே அவர்தம் முதலாகும்.

விருந்தோம்பல் தமிழரின் பண்பு. விருந்தினரும் தாம் தங்கும் இல்லத்தின் நிலையறிந்து நடப்பர். மலைக்குச் செல்வோரும் விருந்தினரே. கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவருதல், நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துதல், உள்ளூர் விளைபொருளை உரிய விலைக்கு வாங்குதல், காட்டுயிர்க்கு உணவளிக்காதிருத்தல் ஆகியவை அவர்தம் கடமைகள். லடாக்கின் மக்கள் பாலையிலும் நீரைப் பகிர்ந்து வாழக் கற்றனர். மழைவளம் பெற்ற சேர்வராயன் மலை பாலையாகாமல் காப்பது அதனினும் எளிது. ஆனால் அதனைக் காலம் தாழ்த்தாது தொடங்க வேண்டும். ஏற்காடு என்னும் பெயரிலுள்ள ஏரியும் காடும், பெயரில் மட்டும் எஞ்சாமல் மலையிலும் நிலைத்திருத்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்பது சேர்வராயன் மலையின் பெயரையே தன் அறிவியற் பெயரில் தாங்கிய சிறுமரம். அழியும் நிலையிலுள்ள இத்தகைய தாவரங்கள் ஒரு மலையில் அழிந்தால், வேறிடத்திலிருந்து மீட்டெடுப்பது அரிது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சுற்றுலாத்தலத்திற்குச் சென்று, அங்கு வாழும் மக்கள் எதிர்கொள்ளும் நன்மை தீமைகளைக் கேட்டறிந்து அறிக்கை உருவாக்குக.

2. ‘மலைச் சுற்றுலாவிற்கு எண்ணிக்கை வரம்பு தேவையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா

1. பாலை குறித்துச் சிலப்பதிகாரம் எடுத்துரைக்கும் கருத்து யாது?

2. சேர்வராயன் மலைத்தொடரில் தோன்றும் ஆறுகள் யாவை?

3. தாங்குதிறன் என்றால் என்ன?

சிறுவினா

1. கடினப்பாறை மலையில் ஊற்று உருவாகும் முறையையும் அது வற்றும் காரணங்களையும் விளக்குக.

2. லடாக் மக்களின் மரபுவழி நீர்மேலாண்மையைச் சுட்டுக.

நெடுவினா

‘வாழ்வோரின் தேவை முதலாவது, வருவோரின் விருப்பம் அடுத்தது’ – இக்கூற்றை ஏற்காடு, லடாக் ஆகிய இரு மலைப்பகுதிகளின் நிலையைக் கொண்டு ஆராய்க.